திருத்தம் என்று நான் சொன்னது

காஜா மைதீனின் முகத்தைப் படத்திலிருந்து வெட்டி எறிந்தவன் நான். கை தவறி வெட்டவில்லை. பிலிம் பழுதானதால் வெட்டவில்லை. அந்த முகம் நன்றாக இருந்தது, அதற்காகவே வெட்டினேன். வெட்டியதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். அதற்கு நான் வைத்த பெயர், திருத்தம்!

வாசிக்கும் நீங்கள் தயவுசெய்து இரக்கப்பட வேண்டாம். 'இளவயதில் யார்தான்...' என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிச் சொல்லி அது ஊசிப்போய்விட்டது.

அப்போது நான் யார்? சோழவந்தானில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. மதுரையில் மாடி வீடு இருந்தது. ரங்கூனிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் அப்பா எனக்கு வாங்கித் தந்த சிறிய சினிமாக் கேமரா இருந்தது. திறமை என்ற ஒன்று மட்டும் இல்லை. இல்லையென்று என் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆளும் இல்லை. கல்லூரியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். சாப்பிட்ட வாய் எப்படிக் குறை சொல்லும்?

உலகச் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முந்திய காலம். ஊரெல்லாம் பேசும் படம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கேமராவுக்குப் பேசத் தெரியாது. சாவியை முறுக்கிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். பிலிமைப் பம்பாய்க்கு அனுப்பினால் கழுவி அனுப்புவார்கள். எடுத்த பிலிமே படம். அதற்கு மறுபிரதி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றத்தின் அளவு அதில்தான் இருக்கிறது.

கல்லூரி விழாவுக்கு மாணவர்கள் நாங்களே ஒரு படம் எடுப்பதென்று முடிவாயிற்று. கதையை எழுதியவன் ரத்தினவேலு. என் வயதுதான்; ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீட்டு மாடியில் தங்கிப் படித்தவன், வேறெப்படிக் கூப்பிடுவான்? கதை இதுதான்: படித்துவிட்டு ஊர் திரும்பும் பண்ணையார் மகன் ஒரு மாட்டுத் திருடனைப் பிடிக்கிறான்; ஊர் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. பண்ணையார் மகன் யார் என்று கேட்கவும் வேண்டுமா! குதிரை கிடைக்காததால் சைக்கிளில் ஏறித் திருடனைத் துரத்தினேன். கோட்டு, தொப்பி, நெஞ்சை நிமிர்த்திய ஒரு நடை... சீச்சீ!

திருடனாக நடிக்க ஒருவனும் முன்வரவில்லை. காஜா வந்தான். பள்ளிவாசல் தெருவில் அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அரிக்கேன் விளக்குக் கடை. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் போலவே பேசிக் காட்டுகிறவன். "திருடனா? சரி மாப்ள, நான் பண்றேன். யாராச்சும் ஒருத்தன் திருடனும்ல, இல்லைன்னா நீ யாரைப் பிடிப்ப?" என்று சிரித்தான்.

கொடிக்காலில் எடுத்தோம். வைகை மணலில் எடுத்தோம். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் எடுத்தோம். திருடனைப் பிடித்துத் தென்னை மரத்தில் கட்டுகிறேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போது திருடன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கதற வேண்டும். கதையில் அப்படித்தான் இருந்தது. காஜா கதறவில்லை. போகிற மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் இல்லை. உதடு மட்டும் ஏதோ ஒரு பெயரைச் சொல்வதுபோல் ஒருமுறை அசைந்தது. மாட்டைக் கூப்பிட்டானா? அல்லது பெற்ற பிள்ளையையா? கேமராவைப் பிடித்திருந்த ரத்தினவேலு அதை நிறுத்த மறந்து நின்றான். சாவி தானே முடிந்து நின்றது.

நான் மரத்தருகில் கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பிலிம் கழுவி வந்தது. ரத்தினவேலு வெட்டி ஒட்டி ஒரு மாதிரி கோத்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி முதல் பார்வை. அப்பா, அத்தை, கொடிக்கால் ஆட்கள், நண்பர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சைக்கிளில் வந்தபோது சிரித்தார்கள். வேடிக்கைக் கட்டம் அல்ல அது! நான் நெஞ்சில் கைவைத்து நீதி பேசும் இடங்களில் பேச்சைக் காட்டும் எழுத்து அட்டைகள் வந்தன. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

காஜாவின் முகம் வந்ததும் கூடமே அடங்கிப் போயிற்று.

அத்தை மூக்கைச் சிந்தினாள். "அந்தப் பயலை அவுத்து விடுங்கய்யா, பாவம்!" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். கொடிக்கால் ஆள் ஒருவர் இருட்டில் முணுமுணுத்தார்: "இந்தத் தொப்பிக்காரப் பயலக் கண்டாலே எரிச்சலா வருதுய்யா." சொன்ன பிறகுதான் அது முதலாளி மகன் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு சிறிய இருமல். என் அப்பா மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

விளக்கைப் போட்டார்கள். ரத்தினவேலு கண்கள் மின்ன என்னிடம் வந்தான். அவன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மை பேசியது அன்றுதான். "அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. நம்ம இதைத் திருத்தணும். உங்க பேச்சு அட்டை அம்புட்டையும் எடுத்துருவோம். சைக்கிளைக் குறைப்போம். இது திருடன் கதைண்ணே! நமக்கே தெரியாம அப்படி ஆயிருச்சு."

காஜா பதறினான். "சும்மா இருப்பா. மாப்ள சைக்கிள்ல வர்றதுதான்ப்பா அழகு. நான் ஏதோ பராக்குப் பாத்துட்டு நின்னேன்."

அவன் மனதார அப்படித்தான் நினைத்தான் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். தன்னிடம் இருந்தது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் அதை முழுமையாகத் தெரிந்துகொண்டவன் நான் ஒருவனே... பொறாமைக்கு இருக்கும் கூர்மையான கண் ரசனைக்கு இல்லை!

"திருத்தத்தான் வேணும். நானே திருத்துறேன்" என்றேன்.

மறுநாள் மதியம் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கத்திரி, பிலிம் ஒட்டும் பசை, ஜன்னல் வெளிச்சம். துண்டு துண்டாக உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். நகத்தளவுப் படங்கள். ஒவ்வொன்றிலும் அவன் முகம். நகத்தளவில்கூட அது உயிரோடிருந்தது. என் முகம்? சுவரில் அடித்த சுண்ணாம்பு!

அப்போதாவது கை நின்றிருக்கலாம் அல்லவா? நிற்கவில்லை. வெட்டினேன். திருடனின் முகம் தெரியும் இடமெல்லாம் வெட்டினேன். ஓடுகிற கால்களை விட்டுவைத்தேன். முதுகை விட்டுவைத்தேன். முண்டாசு கட்டிய பின்னந்தலையை விட்டுவைத்தேன். கதைக்குத் திருடன் வேண்டுமே! அவன் முகம் இருந்த இடங்களில் என் முகத்தை ஒட்டினேன். நேர்ப் பார்வை, பக்கப் பார்வை, தொப்பியைத் தொடும் பார்வை...

வெட்டிய சுருளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். சட்டென்று பற்றவில்லை. சுருண்டது, உருகியது, நாறியது. "என்னத்தய்யா போட்டீக, குடலைப் புரட்டுது!" என்று சமையல்காரர் ஓடி வந்தார். "வீணாப் போன பிலிம்" என்றேன். நான் சொன்ன பொய்களில் முதலாவது அது. சிறியதும் அதுதான்.

ரத்தினவேலுவிடம் "திருடன் மூஞ்சி வர்ற பிலிமெல்லாம் வெயில்ல கெட்டுப்போச்சு" என்றேன். கழித்த துண்டுக் கூடையில் என் எழுத்து அட்டைத் துண்டு ஒன்றுகூடக் கிடக்காததைக் கண்டு அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். புரிந்துகொண்டான். "சரிண்ணே" என்றான். கீழே இறங்கிச் சாப்பிடப் போனான். அவனை நான் வெறுக்கிறேன். அவன் ஒரு சொல் எதிர்த்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வெறுக்கிறேன். இதுதான் என் யோக்கியதை.

இதற்கெல்லாம் முன்னால் காஜா வீட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். மறைக்கப் போவதில்லை.

சென்னையில் ஒரு சினிமாக் கம்பெனியில் காஜாவின் உறவினர் ஒருவர் தச்சு வேலை பார்த்தார். வந்தால் உள்ளே சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். காஜாவின் அத்தா பிடிவாதமாக மறுத்தார். மகன் விடவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். "ஒருவாட்டி உங்க விழாப் படத்தை வந்து பாக்குறேன். உனக்கு அது வருதுன்னு என் கண்ணுக்குப் பட்டுச்சுன்னா போ. இல்லைன்னா கடையில உக்காரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது." காஜா இதை என்னிடம் ஓடிவந்து சொன்னான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னான். அது முதல் பார்வைக்கும் முன்னால். ஆகவே கத்திரியைக் கையில் எடுத்தபோது நான் எதை வெட்டுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

விழா வந்தது. கல்லூரி மண்டபம் நிறைந்திருந்தது. காஜாவின் அத்தா வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டோடு நடு வரிசையில் வந்து உட்கார்ந்தார். சினிமா என்று அவர் பார்த்த முதலாவதும் கடைசியும் அதுவே. காஜா அவரருகில் உட்கார்ந்தான். நான் திரையைப் பார்க்கவில்லை; அவர்களைப் பார்த்தேன்.

ஒரு முதுகு ஓடியது. ஒரு கால் ஓடியது. அத்தா கழுத்தை நீட்டி நீட்டித் தேடினார். "இதுல நீ எங்கடா?" என்று கேட்டிருப்பார் போலும், காஜா திரையைக் காட்டினான். காட்டுவதற்குள் அந்த முதுகும் போய்விட்டது. மரத்தில் கட்டும் கட்டம் வந்தது. என் கை, என் தொப்பி, என் தாடை. காஜா காட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டான்.

மண்டபம் கைதட்டியது. ஆம், தட்டியது! பேராசிரியர் மேடையேறி, "கதாநாயகனின் கம்பீரம்" என்றார். என் அப்பா கல்லூரிக்குக் கட்டடம் கட்ட உதவுவார் என்று அவர் எதிர்பார்த்திருந்த காலம். எனக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். எத்தனை அற்பர்கள் சேர்ந்தால் ஒரு வெற்றி விழா நடக்கிறது, பாருங்கள்!

வாசலில் காஜாவின் அத்தா எனக்காகக் காத்து நின்றார். அடிக்க வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நல்லாருந்துச்சு. எங்க பயலையும் ஒரு ஆளா மதிச்சுச் சேத்துக்கிட்டீகளே, அல்லா உங்களுக்கு பரக்கத் செய்வான்" என்றார். பிறகு மகனைப் பார்த்தார். கோபமில்லாமல், களைப்போடு கேட்டார்: "முதுகக் காட்டத்தான் இம்புட்டு நாளா அலைஞ்சியா? வா, போவோம்."

இரண்டு நாட்கள் கழித்துக் காஜா தெப்பக்குளத்தில் என்னைப் பிடித்தான். குளத்தில் தண்ணீர் இல்லை. நடு மண்டபம்வரை மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. படியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நெசத்தைச் சொல்லு மாப்ள. நான் கெடுத்துட்டேனா? அதான் எடுத்துட்டியா?"

இதோ வாய்ப்பு! இதைவிடத் திறந்த கதவு ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா? 'இல்லையடா, நான் பொறாமைக்காரன்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அத்தாவிடம் போய் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

நான் அவன் தோளில் கை போட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். வைத்தியர் கெட்ட செய்தி சொல்வாரே, அந்தக் குரல். "மனசு கஷ்டப்படாத காஜா. உன்மேல தப்பில்ல. உன் மூஞ்சி திரையில நிக்கல. சில பேருக்கு அப்படித்தான். உன்னைப் பாத்து நாலு பேர் சிரிக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

அவன் தலை குனிந்துகொண்டான். "நல்லவேளை, நீ பாத்துக்கிட்ட" என்றான்.

நன்றி சொன்னான். எனக்கு!

பிலிமை எரித்தது பொறாமை. பொறாமையைக்கூட மனித இயல்பு என்று நீங்கள் தள்ளிவிடலாம். ஆனால் தெப்பக்குளத்துப் படியில் நான் பேசியது? அங்கே கத்திரி தேவைப்படவில்லை. கருணை போதுமாயிருந்தது.

காஜா படிப்பை விட்டான். கடையில் உட்கார்ந்தான். விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கினான். வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டுவதையும் விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் வக்கீலானேன். பொய்யை நம்பும்படி சொல்லும் தொழில். எனக்குப் பொருத்தமான தொழில். கடை வழியாகப் போக நேர்ந்தால் சந்து மாறிப் போவேன். அவன் பார்த்துவிட்டால் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வான். அவன் அத்தா இறந்தபோது முதலில் எனக்குத்தான் ஆள் அனுப்பினான்.

சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காஜா புது வீடு கட்டிக் குடியேறினான். விருந்துக்குப் போனேன். என்னைக் கூடத்தில் நடுநாயகமாக உட்காரவைத்தான். அவனுக்கு ஒரே மகள், எட்டு ஒன்பது வயதிருக்கும். யார் வந்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாளாம். பெண்கள் கதவோரத்திலிருந்து, "மாமா மாதிரி செஞ்சு காட்டு புள்ள" என்று தூண்டிவிட்டார்கள்.

அவள் நடந்தாள். கோலை விழுங்கியவன்போல என் நடை. உட்காருமுன் இடத்தைத் தட்டினாள். பேசுமுன் தொண்டையைச் செருமினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எதிரில் யாருமே இல்லாததுபோல ஒரு பார்வை பார்த்தாள். கூடமே சிரித்து உருண்டது. ஊரில் ஒருவரும் சொல்லத் துணியாததை அந்தக் குழந்தை ஒரு சொல் பேசாமல் சொல்லிவிட்டது.

காஜா மட்டும் சிரிக்கவில்லை. "போதும், உள்ள போ" என்று அதட்டினான். பிறகு என்னிடம், "மன்னிச்சுக்க மாப்ள. பள்ளிக்கூடத்து நாடகத்துல சேரப்போறேன்னு ஒரே அழுகை. நம்ம வம்சத்துக்கு அது வராதுன்னா கேக்க மாட்டேங்குறா. நீயாச்சும் சொல்லு, படிச்சவன் சொன்னா கேப்பா" என்றான்.

அவள் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு வராதா மாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காஜா பார்த்தான். அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்தது. வரும் என்று சொன்னால் காஜா யோசிப்பான். தனக்கு மட்டும் ஏன் வராமல் போயிற்று என்று யோசிப்பான். யோசித்தால்... அங்கே உட்கார்ந்திருந்த நான் வக்கீல். ஊர்ப் பெரிய மனிதன். அந்த வீட்டுக்கு வேண்டியவன்.

"அத்தா சொல்றதைக் கேளும்மா" என்றேன்.

அவள் முகத்தில் என்ன நடந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பந்தி போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். காஜா என் கையைப் பிடித்து அழைத்துப் போனான். இலையில் கறி நிறைய வைக்கச் சொல்லித் தானே பக்கத்தில் நின்றான்.

சாப்பிட்டேன். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.