மிசாவோவின் பல்

ஜப்பானின் ருமோய் ஊரில் மிசாவோவின் பல்லுக்கு இருந்த மரியாதை அவள் முகத்துக்கு என்றைக்கும் இருந்ததில்லை. துறைமுகத்துச் சினைப் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள். நிஷின் மீனின் உப்புச் சினையை ஒரு கடி கடித்தால் போதும், இன்னும் எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவாள். லேசான உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றித்தான் உப்பை இறக்க வேண்டும். ஒரு தண்ணீர் கூடிப்போனாலும் சப்பென்றாகி, கடிக்கும்போது வருகிற அந்த நறுக்கென்ற சத்தமும் போய்விடும். பிள்ளைகுட்டி பெருக வேண்டும் என்று புத்தாண்டன்று தின்கிற பண்டம், கெட்டால் அந்தப் பேச்சை யார் வாங்குவது? அதனால் வருடக் கடைசியில் தெருவில் ஆறு வீட்டுச் சினையும் அவள் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த வருடம் அந்தப் பல்லே இல்லை. நவம்பரில் பல்செட் வைத்தாகிவிட்டது. எதைக் கடித்தாலும் பல்செட்டைக் கடிக்கிற மாதிரியே இருந்தது, உப்பும் சரியாகத் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கினுயோவுக்குத் தெரிந்தால் மீன் சந்தை முழுக்கச் சொல்லிவிடுவாள். முப்பத்து நான்கு வருடப் பேர் ஒரே நாளில் போய்விடும். மிசாவோவுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் புருஷன் ஷிகெசோவைக் கூப்பிட்டாள். ரத்தக்கொதிப்பு என்று இரண்டு வருடமாக அவருக்கு உப்பைக் கண்ணிலேயே காட்டாதவள், ஆறு பாத்திரத்துக்கு முன்னால் உட்காரவைத்து, கடிக்கலாம், விழுங்கக் கூடாது என்றாள். என்னை மேலே அனுப்பிவிட்டு யாரைக் கட்டிக்கொள்வதாக உத்தேசம் என்று அவர் கேட்டே விட்டார்.

கடித்துப் பார்த்து, கரிக்கிறது என்றார். தண்ணீரை மாற்றினாள். மறுபடியும் கரிக்கிறது என்றார். மூன்றாவது தடவையும் அதையே சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடம் உப்பில்லாமல் தின்ற நாக்குக்கு எதுதான் கரிக்காது? அந்த நாக்கை அப்படி ஆக்கியதும் அவளேதான்.

நல்லவேளை, காது பழைய காதுதான். அவர் கன்னத்தில் அதை ஒட்டவைத்துக்கொண்டு கடிக்கச் சொன்னாள். சத்தம் தொய்ந்திருந்தது. பாத்திரத்துக்குக் கொஞ்சம் உப்பு போட்டு, காத்திருந்து, மறுபடியும் கன்னத்துக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் ஆறிலும் நறுக் திரும்பிவிட்டது.

"கல்யாணமானதுலேருந்து இன்னிக்குத்தான் என் வாய்க்குக் காது குடுத்திருக்கே" என்றார் ஷிகெசோ.

"பேசாம மெல்லுங்க."

புத்தாண்டன்று கினுயோ வந்தாள். அக்கா பல்லுக்குக் கோயிலே கட்டலாம் என்று புகழ்ந்தாள். மிசாவோ வாயைத் திறக்காமல் சிரித்தாள். பக்கத்தில் ஷிகெசோ, நாளுக்கு ஒன்று என்று அவருக்கு அளந்துவிட்டிருந்த சினைத் துண்டைக் கடித்தார். பழக்க தோஷம், மிசாவோ அப்படியே சாய்ந்து அவர் கன்னத்தில் காதை வைத்துவிட்டாள்.

கினுயோவின் தேநீர்க் கிண்ணம் பாதியிலேயே நின்றது. "ஏங்க்கா, பிள்ளைகுட்டி பெருகட்டும்னு சொன்னா இந்த வயசுலயா?"

நாளைக்குள் சந்தை முழுக்கப் பேசுவார்கள். ஆனால் பல்லைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. மிசாவோ காதை எடுக்கவில்லை. அளவெல்லாம் மறந்து, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொண்ணு கடிங்க."