வெள்ளிக்கிழமை மைதானம்

உடற்கல்வி ஆசிரியர் செல்லதுரை கல்லங்குறிச்சிக்காரர். 1997 ஜூனில், லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அங்கே எழுத்தராக இருந்த நான் பணிப்பதிவேட்டில் குறித்துக்கொண்டது அவ்வளவுதான். மீதியை என் மேசைக்கு எதிரே இருந்த சன்னல் வழியாகப் பார்த்தேன்.

பள்ளிக்கு ஒரே ஒரு மைதானம். விளையாட்டு வேளைக்கு மணி அடித்ததும் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கேட்டால், எப்போதும் அப்படித்தான் என்பார்கள்.

1998இல் ஆறாம் வகுப்பில் மஞ்சு சேர்ந்தாள். போலியோவில் வலது கால் சூம்பிய பெண். அவள் மரத்தடியில்கூட உட்காரவில்லை. பையன்கள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

“நீ வெளையாடலையாம்மா?” என்று செல்லதுரை கேட்டார்.

“நான் செருப்பு பாக்குற ஆளு சார்.”

“யாரு வச்சாங்க ஒன்னைய?”

“சின்னப் பள்ளிக்கூடத்துலேந்தே நான்தான் சார். ஒரு ஜோடி தொலைஞ்சதில்ல.”

பெருமையாகவே சொன்னாள். அன்று மதியம் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

மைதானத்தில் பாதியைப் பெண்களுக்கு விடச் சொல்லிப் பார்த்தார். இரண்டு வாரம் கூடத் தாங்கவில்லை. “பந்து பட்டுச்சுன்னா எங்களத் திட்டக்கூடாது சார்” என்று பையன்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மட்டையைச் சுழற்றினார்கள். தலைமையாசிரியரோ, “ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. நமக்கு எதுக்கு சார் வம்பு?” என்றார்.

அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமை அவர் கண்ணில் பட்டது. ஜும்மா தொழுகைக்காக அன்று மதிய இடைவேளை நீளம். முஸ்லிம் பையன்களும் ஊர் ஆண்களும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். மற்றப் பையன்கள் சாப்பிட வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். மைதானம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் அதன் நடுவில் இரண்டு கம்பு நட்டு வலை கட்டி, பெண்களுக்கு வளையப்பந்து கற்றுக்கொடுத்தார்.

மஞ்சுவால் ஓட முடியாது. ஆனால் ரப்பர் வளையம் அவள் கைக்கெட்டிய தூரத்தில் வந்தால் கீழே விழாது. வலையோரம் அவளுக்கு, பின்பக்கம் முழுவதும் ஜோடியாக ஆடும் மர்ஜியாவுக்கு என்று பிரித்துவிட்டார். “மஞ்சு பக்கம் போடாதீங்கடி, திருப்பிக் குடுத்துருவா!” என்று எதிரணி கத்துவது என் மேசை வரைக்கும் கேட்கும்.

நான்கு வருடம் அப்படியே ஓடியது. 2002 ஆகஸ்டில், வளைகுடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் பள்ளிக்கு ஒரு கிரிக்கெட் களம் அமைத்துக் கொடுக்க முன்வந்தார்கள். மைதானத்தின் நடுவில் சிமெண்ட் தளம். பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடியது. அதன் தலைவர் நஜீமுதீன், மர்ஜியாவின் தகப்பனார். குவைத்திலிருந்து திரும்பி வந்து கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர்.

“வெள்ளிக்கிழமை மதியமே கான்கிரீட் போட்டுடலாம்” என்றார் அவர். “அந்நேரம் கிரவுண்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. சனி, ஞாயிறு லீவுல காஞ்சிரும்.”

“பொண்ணுங்க இருப்பாங்களே பாய்” என்றார் செல்லதுரை.

“எந்தப் பொண்ணுங்க?”

“வளையப்பந்து ஆடுறவங்க. ஒங்க மர்ஜியாவுந்தான். நாலு வருஷமா அங்கதான ஆடுறாங்க.”

நஜீமுதீன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். “நாங்க பாத்ததே இல்லியே வாத்தியாரே. எங்க புள்ளையும் எதுவும் சொல்லலியே.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் அனைவரும் தொழுகையில் இருந்தார்கள். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்றுதான் செல்லதுரை அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

“சமையல்கூடத்துக்குப் பின்னாடி ஆடட்டுமே” என்றார் தலைமையாசிரியர். அங்கே போக ஒரு சாக்கடைப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மஞ்சுவால் தாண்ட முடியாது. செல்லதுரை, “புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆட்டம் வக்கிறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார். நஜீமுதீன் தலையாட்டினார்.

மஞ்சு மறுத்துவிட்டாள்.

“வெள்ளிக்கிழமைன்னா நான் வெளையாடுற பொண்ணு சார். புதன்கிழமை எல்லார் முன்னாடியும் வந்தா, நொண்டி வெளையாடுதுன்னு பாப்பாங்க.”

மர்ஜியாதான் சண்டைக்கு வந்தாள். “அப்ப எங்க வாப்பா முன்னாடி நான் மட்டும் ஓடவா? நீ வரலேன்னா நானும் இல்ல போ.”

புதன்கிழமை இருவருமே வந்தார்கள். பையன்கள் சுற்றி நின்றார்கள். முதல் வளையத்தை மஞ்சு தவறவிட்டாள். “ஏய், அதுக்கு ஒரு நாற்காலி போடுங்கடா!” என்று விக்கி என்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் கத்த, சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பி, “உங்க அக்காவுக்குப் போடுடா, இங்க தோத்துட்டு வந்து ஒக்காரட்டும்” என்றாள். எதிர்ப்பக்கம் ஆடியது விக்கியின் அக்காதான். இப்போது சிரிப்பு அவன் மேல் விழுந்தது. பிறகு மஞ்சு பிடித்தாள், எறிந்தாள், மறுபடி பிடித்தாள். கடைசியில் ஆட்டத்தில் தோற்றாள்.

நஜீமுதீன் முடியும்வரை நின்றே பார்த்தார். “களத்தைக் கெழக்குச் சுவரோரமாத் தள்ளிப் போடுங்க” என்று மேஸ்திரியிடம் சொன்னார். பெண்களுக்கு வெள்ளியோடு புதனும் என்று தீர்மானமாயிற்று. நான்தான் எழுதினேன்.

2003 மார்ச்சில் மஞ்சு பத்தாம் வகுப்பு முடித்துப் போனாள். ஜூனில் புதிய தலைமையாசிரியர் வந்தார். புதன்கிழமையைச் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போதாதா என்றார்.

செல்லதுரை வந்து என் எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“தீர்மானம் இருக்குல்ல, எடுத்துக் காட்டட்டுமா?” என்றேன்.

“அதெல்லாம் பாத்துட்டாரு. போன வருஷத்துதாம்.” வாயைத் துடைத்துக்கொண்டார். “திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்கணுங்க. புதுசா வந்த புள்ளைங்களுக்கு இன்னும் வளையம் புடிக்கவே தெரியாது.”

பிறகு எழுந்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்குள் போனார்.