பக்கத்து நாற்காலியிலிருந்து நீளும் கை

ஹைதராபாத் அமீர்பேட்டில் எங்கள் பயிற்சி நிலையத்தின் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் உங்களை அறிந்து உங்களுக்கேற்பக் கற்றுத்தருவார் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஆசிரியரை எழுதிய நிரலர்களில் நானும் ஒருத்தி. விடை சரியென்றால் கடினமான பாடத்துக்கு ஏற்றும், தவறென்றால் எளிய பாடத்துக்கு இறக்கும். அதன் அறிவு அவ்வளவுதான்.

நான் நடத்தும் மாலை வகுப்புக்கு பாலாநகர் தொழிற்சாலை ஒன்றின் குமாஸ்தாக்கள் வந்தார்கள். எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள். முதல் நாளே வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டேன். ஒன்று, அவரவர் மவுஸை அவரவர் மட்டும் தொட வேண்டும். இரண்டு, தெரியாவிட்டால் 'தெரியாது' பொத்தானை அழுத்தலாம். மூன்று, தவறு செய்வது நல்லது.

மூன்றாவதைப் படித்து வகுப்பே சிரித்தது. முதலாவதை ஒருவரும் படித்ததாகவே தெரியவில்லை. அவர்கள் ஆபீசில் ஒருவர் தடுமாறினால் பக்கத்து மேஜைக்காரர் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிடுவாராம். இங்கேயும் அதே வழக்கம்.

சம்பளப் பிரிவிலிருந்து ஓர் அக்கா வந்தார். தலைமுறைகளாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் ஊர் உருது கலந்துவிடும்; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. மாதக் கடைசியில் தொழிற்சாலை வைக்கும் கணினித் தேர்வு. தேறினால் அதே நாற்காலி, தேறாவிட்டால் பேக்கிங் பிரிவு.

"அங்க நாளெல்லாம் நின்னுட்டே வேலைம்மா. என் முட்டி தாங்குமா, சொல்லு?"

அவர் திரையைப் பார்த்து ஒரு கணம் யோசித்தால் போதும், பக்கத்து இருக்கைத் தெலுங்குக்காரர் கையை நீட்டிவிடுவார். "இதி காதக்கா, கிந்ததி" என்பார்; இது இல்லை, கீழே இருப்பது என்று அர்த்தம். அந்த விடையை அவரே சொடுக்கியும் விடுவார்.

ஒரு நாள் அந்தக் கையைப் பிடித்து விலக்காத குறையாகக் கத்திவிட்டேன்.

"கைக்கு இப்படிக் கோச்சுக்கறே? உதவிதானே செஞ்சாரு" என்றார் அக்கா.

"அந்த உதவியாலதான் அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும்னு மெஷின் நெனச்சுக்குது."

"ஹவ், நல்லதுதானே. நெனச்சுக்கட்டும்."

திரையில் அக்காவின் முன்னேற்ற வரைபடம் மேலே மேலே ஏறியது. எங்கள் மேலாளருக்குப் பூரிப்பு. "இவங்கதான் பேட்ச்லயே டாப். கஸ்டமர் டெமோல இதையே காட்டிடலாம்."

"அது அவங்க இல்ல சார். பக்கத்து சீட்."

"யாரோ ஒருத்தர் கத்துக்கறாங்க இல்ல?"

தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது, அக்காவைத் தனியாக உட்காரவைத்து ஒரு பத்தியிலுள்ள எண்களைக் கூட்டச் சொன்னேன். மவுஸைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நாற்காலி காலியாக இருந்தது.

"நேத்து செஞ்சேனே..." என்றார்.

அவருடைய பதிவை அழித்தேன். இயந்திர ஆசிரியர் அவரை முதல் பாடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

"ஏழாம் கிளாஸ்ல இருந்தவளத் தூக்கி எல்கேஜில போட்டுட்டியே!"

சுவரோரக் கடைசி இருக்கைக்கு அவரை மாற்றினேன். தெலுங்குக்காரர் முன் வரிசையிலிருந்தபடியே விடையைக் கத்தினார். அவரை டீ குடிக்க அனுப்பினேன். அவர் போனதும் வேறொருவர் கத்தினார். அக்கா ஒவ்வொரு தவறுக்கும் என்னை முறைத்தார். "எனக்கு நக்கோ இந்த மெஷின். பெரியவங்கன்னு ஒரு மரியாதை இல்ல, தப்பு தப்புங்குது."

பிறகு ஒரு மாலை, யாரும் சொல்லாமலே, 'தெரியாது' பொத்தானை அழுத்தினார். கூட்டல் பாடம் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிந்து திரையில் விரிந்தது. அந்த இயந்திரத்துக்கு அவரைப் பற்றிக் கிடைத்த முதல் உண்மைத் தகவல் அதுதான். அதற்கப்புறம் அந்தப் பொத்தானை அவர் விடவேயில்லை. டெமோவுக்கு வேறு யாருடைய வரைபடமோ போனது. அதை ஏற்றியது யாருடைய கை என்று நான் கேட்கவில்லை.

அக்கா தேர்வில் தேறிவிட்டார். அதிக மதிப்பெண் இல்லை, ஆனால் நாற்காலி தப்பித்தது.

அடுத்த பேட்ச்சின் முதல் நாள், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்று அக்கா வந்து நின்றார். நான் சந்தோஷமாகவே வரவேற்றுவிட்டு, பலகைப் பக்கம் திரும்பி முதல் விதியை எழுத ஆரம்பித்தேன். பின்னால் வளையல் சத்தம். புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணின் மவுஸ் மேல் அக்காவின் கை இருந்தது.

"இது இல்லம்மா, கீழ இருக்கறது."

விதிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். யாரும் பலகையைப் பார்க்கவில்லை.