வெள்ளைப் பாறைச் செடி

என் அக்கா ஒப்துலியா பத்தொன்பது வருஷமாகச் சோளமாவு மில்லில் நின்றபடியே வேலை பார்த்தவள். முட்டி தேய்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்தாலும் உட்கார மாட்டாள்; நேரே மொட்டைமாடிக்குப் போய்ப் பூச்சி பிடிக்கும் செடிகளைப் பார்ப்பாள். எண்ணெய் தடவினாற்போல் பிசுக்கு இலை. கொசு உட்கார்ந்தால் அதோடு சரி, செடிக்குச் சாப்பாடு.

எங்கள் மலையில் ஒரு வெள்ளைப் பாறை இருந்தது. அதில் மட்டும் ஒரு ரகம் வளர்ந்தது. சிமெண்டுக்காரர்கள் பாறையை உடைத்து லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அதற்கு முந்தின வாரம் அக்கா அந்த முட்டியோடு ஏறி, பன்னிரண்டு இலை கிள்ளிவந்து மண்ணில் வைத்தாள். பன்னிரண்டிலும் குட்டி முளைத்தது. பக்கத்திலேயே சந்தையில் வாங்கிய சாதா ரகம். இலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும். மலைப் பூ ஒல்லி இதழ், ஊதா. சந்தைப் பூ அகலம், ரோஸ். அதனால் ஐஸ் குச்சியில் பெயரெழுதிச் செருகியிருந்தாள்.

ஜனவரியில் முட்டி ஆபரேஷனுக்குப் பட்டணம் கிளம்பினாள்.

"செலியா, மாடிப்பக்கமே போகாதே. குளிர்காலத்துல அதுக்குத் தண்ணி ஆகாது, தூங்குது."

நான் கேட்டேனா? எல்லாம் பொத்தான் அளவுக்குச் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் குடம் குடமாக ஊற்றினேன். என் கையை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டும்! அத்தனையும் அழுகின. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் குச்சியிலும் எழுத்து கரைந்துவிட்டது.

ஊர் திரும்பிய அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தினமும் தடியை ஊன்றி மாடியேறினாள்.

"மலைச்செடியாத்தான் இருக்கும்க்கா. குவாதலூப்பே மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"மாதாவுக்கு வேற வேலை இல்ல பாரு. பூக்கட்டும்டி."

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் மொட்டு விரிந்தது. அகலமான ரோஸ் இதழ். நான் 'ஓ'வென்று அழுதுவிட்டேன்.

"விடுடி. அவ்வளவு தண்ணிய மலைச்செடி தாங்காது. இது பிழைச்சப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா தினம் இந்தக் காலோட ஏறுன?"

"ஏறாம இருந்தா அப்பவே முடிஞ்சு போயிருக்கும்ல?"

ஓர் இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை நீ வளர்த்துக்கோ. இது தண்ணிக்குச் சாகாது."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். அதற்கப்புறம் அவள் மாடி ஏறவே இல்லை.