மைனாவுக்கு வச்ச மருந்து

இன்னைக்குக் காலையில கம்பத்துல இருக்கிற எங்க திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். பழம் பழுத்தா மைனாக் கூட்டம் கத்துற கத்துல பேச்சே கேக்காது. இன்னைக்கு ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்து பவுன்ராஜ் அண்ணன் சிரிச்சார்.

"சோளத்துல மருந்து கலந்து வரப்பெல்லாம் தூவிட்டேன் தம்பி. இனி வலை விரிக்கிற வேலையில்ல."

"செத்ததெல்லாம் எங்கண்ணே?"

"எங்கனயாவது விழுந்து கெடக்கும்."

ரெண்டு தோட்டத்துக்கும் பொதுவான கிணத்தை எட்டிப் பார்த்தேன். மைனாக்கள் மிதந்துச்சு.

பழம் பறிக்க வந்த அக்காகிட்ட, குடிக்கத் தண்ணி எங்க பிடிச்சீகன்னு கேட்டேன்.

"இங்கனதான், இந்தக் கிணத்து மோட்டார் தண்ணி. எல்லாரும் குடிச்சிட்டாக தம்பி."

எல்லாரையும் வேன்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ராத்திரி முழுக்க இங்கயே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்.

பவுன்ராஜ் அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மைனாவுக்குத்தான தம்பி வச்சேன்?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.