பனைமூட்டுக் கள்ளும் கடைக்கள்ளும்

மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி வீட்டில் ஆப்ப மாவு எதனால் பொங்க வேண்டும்? பட்டம் பெற்று ஊர் திரும்பிய ஆண்டு, சித்திரை மாதத்தில் ஒரு காலை, இதற்கு அந்தக் காரியதரிசியாகிய நான் விடை சொல்ல வேண்டியதாயிற்று. அன்று என் அக்காளைப் பார்க்க இனயம் என்னும் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்னரே ஒரு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது.

வருகிறவர்களுக்கு ஆப்பம் வைப்போம். நடு மெத்தென்றும் ஓரம் மொறுமொறுப்பாகவும் இருந்தால்தான் பெண்ணுக்குக் கைப்பக்குவம் உண்டென்பார்கள். அதற்கு மாவில் கள் விட வேண்டும். அம்மா விடுவது பனைமூட்டுக் கள், அதாவது பனையின் அடியிலேயே போய் வாங்குவது. பனையிலிருந்து இறக்கிய கலயத்தில் நுரையும் பாளைத் துணுக்கும் இரண்டொரு செத்த தேனீயும் மிதக்கும். விடியலில் இனிக்கும், உச்சிக்குள் புளித்துவிடும், பனைக்குப் பனை ருசி மாறும். அந்த மணம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கடைக்கள்ளோ பல பனைகளினுடையதை ஒரே பீப்பாயில் கொட்டி, நீர் கலந்து, இனிப்பேற்றியது. என்றைக்கும் ஒரே ருசி. ஆனால் சர்க்கார் குத்தகைக்கு விட்ட அந்தக் கடையில் வாங்குவதே சட்டப்படி சரி; பனைமூட்டில் வாங்கினால் அது திருட்டுக் கள்.

அப்பா சட்டத்துக்கு அஞ்சியவர். மகன் மேடையில் பேசுகிற வீட்டுக்குள் திருட்டுக் கள் வரலாகாதென்று முந்தின மாலை கடைக்கள்ளே வாங்கி வந்தார். விடிந்து பார்த்தால் மாவு அசையாமல் கிடந்தது. அக்காள் பானையை வெறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, அரிசி மிச்சம் கெடக்கு, வேற மாவு ஆட்டுகேன். நீ செம்ப எடுத்துட்டுப் பனமூட்டுக்கு ஓடு," என்றாள் அம்மா.

"நானா? ஊரு சிரிக்குமே!"

"ஒன்னயச் சிரிச்சா ஒரு நாளு. ஆப்பம் கல்லா வந்தா இவள வருசம் முழுக்கச் சிரிப்பானுவ."

பனையிலிருந்து இறங்கிய பனையேறி என் கைச் செம்பைப் பார்த்தார். "சங்கத்து ஐயாவா! குடிய நிறுத்தச் சொல்ல வந்தியளா, தொடங்க வந்தியளா?"

"ஆப்ப மாவுக்காக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ."

"சும்மா இரும். அவிய அக்காளப் பாக்க ஆளு வாறாவல்லா," என்று அவர் மனைவி கள்ளை வடிகட்டினாள். ஊற்றுமுன் பாதையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "சர்க்காரு சேவுகன் கண்டா கலயத்த ஒடச்சு இவியள இழுத்துட்டுப் போவான், தம்பி. மூடிக் கொண்டு போங்க." செம்பின் வாயில் பூவரச இலையைக் கவிழ்த்தாள்.

அந்த இலையைப் பிடித்தபடி கடை வழியாகவே திரும்பினேன். கூலியைத் தொலைத்த ஒருவர் காலையிலேயே அதன் வாசலில் விழுந்து கிடந்தார். அந்தக் கடைக்குச் சட்டம் காவல் நின்றது. ஆப்பத்துக்கு ஒரு செம்பு தந்தவளோ பாதையைப் பார்த்து நடுங்கினாள். இரண்டையும் கள் என்ற ஒரே சொல்லால் அல்லவா நான் மேடையில் ஏசி வந்தேன்!

வந்தவர்கள் உச்சிக்கு முன் வாசலேறியபோது மாவு பானையின் விளிம்பைத் தொட்டிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் இன்னொரு ஆப்பம் கேட்டு வாங்கினார். ஆவணியில் திருமணம் நடந்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், குத்தகைக் கடையை மூட வேண்டும் என்று மட்டும் தீர்மானம் கொண்டுவந்தேன். பனைமூட்டையும் அதில் சேர்க்க மறுத்தேன். சங்கம் வேறொருவரைக் காரியதரிசியாக்கியது.