ஷிஃப்ட் நேரத்தில் பறிபோன ராஜ்யம்

ஏழு மாதம் நான் ராணியாக இருந்தேன். சிரிக்காதீர்கள். போனில் ஆடும் விளையாட்டுதான். ஆனால் என் கொடியின் கீழ் கடலூரிலிருந்து பெண்ணாடம் வரை நாற்பது பேர், நிஜ மனிதர்கள், இருந்தார்கள். யாளிகள் பறக்கும் நாடு அது. நான் பட்டத்துக்கு வந்த அன்றே வடக்கு நாட்டோடு போர் மூண்டது. ராணி ஒரு சின்னப் பெண் என்று தெரிந்ததும் சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேரைக் கெஞ்சியும் திட்டியும் கட்டிக் காத்தேன்.

பகலில் எனக்கு செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் வேலை. தீப்பொறி ஆகாத இடம், போனை உள்ளே கொண்டுபோக முடியாது. எட்டு மணி நேரம் ராணி இல்லாத கோட்டையை எதிரி சும்மா விடுவானா? அதனால் கேட்டிலேயே போனை என் அத்தை மகனிடம் கொடுத்துவிடுவேன். தினமும் பைக்கில் என்னைக் கொண்டுவந்து விடுவது அவர்தான். விளையாட்டில் என் சேனாதிபதியும் அவர்தான். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

"கோட்டைக் கதவ மட்டும் தொறந்துடாதீங்க மாமா" என்பேன்.

"நீ போ, நான் பாத்துக்குறேன்" என்பார். அதை நம்பி நிம்மதியாக வேலை பார்த்தேன், மடச்சி.

ஒரு புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து போனை வாங்கிப் பார்த்தால் கோட்டை எரிந்து கிடக்கிறது. போரிட்டுத் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காலை பத்து இருபதுக்கு, என் ஐடியிலிருந்தே, கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டிருந்தது. எதிரி நாட்டின் தளபதிகள் பட்டியலில் அவர் பெயர் பளபளவென்று இருந்தது. பெண்ணாடத்தில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் குழுவில் எழுதியிருந்தார்: "நம்ம ராணியே நம்மள வித்துட்டாங்க."

"ஏன் மாமா?"

அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "பசங்க கிண்டல் பண்றானுங்க. கட்டிக்கப்போறவகிட்ட சிப்பாயா இருக்கியான்னு கேக்குறானுங்க. எப்படியும் கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வுடப்போறதானே? வேலையையும் சேத்துதான். ஒங்கம்மாகிட்ட அப்பவே பேசிட்டேன், அவுங்களும் சரின்னுட்டாங்க."

அம்மா! அன்று காலை டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தபோதுகூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேலைக்குப் போற பொண்ணு, நல்லா சாப்புடு" என்று இரண்டு இட்லி கூட வைத்திருந்தாள்.

நான் பைக்கில் ஏறவில்லை. டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட கதையை மட்டும் சொன்னேன்; அப்பாவுக்குத் தெரியாமல் என் வேலையை விடவைக்க அவள் சம்மதித்ததைச் சொல்லவில்லை.

போன் விளையாட்டுக்காகக் கல்யாணத்தை நிறுத்திய கிறுக்கி என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால் அப்பாவிடம் அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.